இரண்டாவது குழாய் பேசாத நாள்

மோனோ ரெக்கார்டை ஒரே காதால் கேட்டாலும் ஒன்றும் குறைவதில்லை. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. என் இடது காது போய் மூன்று வருடம் ஆகிறது, அதனால் தெரியும்.

நான் வேலை பார்க்கும் கடை சென்னையில் ஒரு மாடியில் இருக்கிறது. பழைய வீடுகளைக் காலி செய்கிறவர்களிடமிருந்து ரெக்கார்டுகள் பெட்டி பெட்டியாக வரும். தூசி துடைத்து, ஓடவிட்டு, சத்தம் எப்படி இருக்கிறது என்று துண்டுத்தாளில் எழுதி அட்டைக்குள் வைப்பது என் வேலை. அதில் ஒரு ஜாஸ் ரெக்கார்டு. அறுபது எழுபது வருடத்துக்கு முன்னால் அமெரிக்காவில் பதிவானது. அட்டையில் கன்னம் உப்பிய ஒரு கறுப்பு மனிதர், உதட்டில் டிரம்பெட். மேல் மூலையில் சின்னதாக மோனோ என்று போட்டிருக்கும்.

ஊசி இறங்கியதும் முதலில் வருவது இசை இல்லை, அடி. டிரம் தோலில் குச்சி விழும் அடி. அது இடப்பக்கமிருந்தும் வராது, வலப்பக்கமிருந்தும் வராது. எதிரிலிருந்து நேராக வந்து நெஞ்செலும்பின் நடுவில் விழும். பின்னாலேயே டிரம்பெட், தகரத்தைக் கிழித்த மாதிரி. அதற்கடியில் பெரிய தந்தி வாத்தியம், படகின் அடிப்பலகை மணலில் உரசும் சத்தத்தோடு. ஸ்டீரியோவில் வாசிக்கிறவர்கள் தள்ளித் தள்ளி நிற்பார்கள். மோனோவில் அத்தனை பேரும் ஒரே வாசல் வழியாக முட்டிக்கொண்டு வெளியே வருவார்கள். எங்கள் குப்பத்தில் சண்டை மூண்டால் ஆட்கள் சந்திலிருந்து வருவது அப்படித்தான்.

அந்த ரெக்கார்டால்தான், என் மாமனின் வலது கை ஒடிந்ததற்கு யார் காரணம் என்று எனக்குத் தெரிய வந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் குப்பம் பழவேற்காட்டுக்கு அப்பால், ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் மணல்மேட்டில் இருக்கிறது. இரண்டே தெரு. ஏரிப் பக்கம் ஒன்று, கடல் பக்கம் ஒன்று, நடுவில் அம்மன் கோயில். எங்கள் வீடு கடல் பக்கம். அம்மாவின் தம்பி, என் மாமன், ஏரிப் பக்கம்.

முகத்துவாரத்தை ஒட்டி இறால் ஏறி வரும் இடங்களைப் பாடு என்போம். அங்கே கழி ஊன்றி வலை கட்ட எல்லோருக்கும் ஒரே நாளில் இடம் கிடையாது. அதனால் வருடத்துக்கு இரண்டு தடவை கோயிலில் சீட்டுப் போட்டு முறை பிரிப்பார்கள். சீட்டு எடுக்கும்போது வலைக்காரன் எவனும் கோயில் பக்கம் நிற்கக் கூடாது. ஒரு காலத்தில் நின்றார்கள். பானைக்குள் விட்ட கையை ஒருத்தன் கத்தியால் குத்தினான். அதன் பிறகு வந்த கட்டுப்பாடு இது. தலைவரும் இரண்டு பெரியவர்களும் மட்டும் உள்ளே இருந்து, எடுத்த பேரை மைக்கில் மூன்று முறை கூப்பிடுவார்கள். கூப்பிடப்பட்டவன் எங்கே இருந்தாலும் "கீறேன்", அதாவது இருக்கிறேன், என்று கத்திக்கொண்டே ஓடி வர வேண்டும். மூன்றாவது கூப்பாட்டுக்குள் அவன் குரல் கோயிலுக்கு வந்து சேராவிட்டால் அவன் முறை அடுத்த சீட்டுக்காரனுக்குப் போய்விடும். அரை வருடம் அவன் கரையோரம் நண்டு பொறுக்க வேண்டியதுதான்.

கடல் பக்கத்தில் அலைச் சத்தம். ஏரிப் பக்கம் கத்துவது இங்கே கேட்காது. அதனால் தெருவுக்கு ஒரு குழாய், அதாவது கூம்பு ஒலிபெருக்கி, கம்பத்தில் கட்டியிருந்தது. கோயிலில் இருந்த பழைய ஆம்ப்ளிஃபயர் உப்புக் காற்றில் அரித்துச் செத்தபோது, புதிது வாங்கி மாட்டும் பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அதற்கு மேலே எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா. தலைவரே வீட்டு வாசலுக்கு வந்து, "இன்னா டிப்ளமா, நம்ம அம்மனுக்கு நல்ல செட்டா பாத்து போட்டுக் குடு" என்றார். நைனா அன்று முழுக்க வலையைத் தொடவே இல்லை, தெருவில் நடந்துகொண்டே இருந்தார்.

நான் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் வாங்கி வந்தேன். பழைய செட்டில் எல்லாம் ஒரே வாய். இது இரண்டு வாய், இடது வாய் ஏரிக் குழாய்க்கு, வலது வாய் கடல் குழாய்க்கு. முகப்பில் மோனோ என்று ஒரு சின்னப் பொத்தான் இருந்தது. அதை அமுக்கினால் பழைய செட் மாதிரி ஆகிவிடும் என்று நினைத்து வெளியே இழுத்தே வைத்தேன். சீட்டு நாள் காலையில் என் போனைச் செருகிப் பாட்டுப் போட்டேன். இரண்டு தெருவிலும் பாடியது. குழந்தைகள் இந்தக் கம்பத்துக்கும் அந்தக் கம்பத்துக்கும் ஓடினார்கள். பிறகு போன் ஒயரைப் பிடுங்கி, மைக் ஒயரைச் செருகி, தலைவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தேன். மைக்கைத் தனியாக ஒரு தடவை பேசிப் பார்க்கவில்லை. பாட்டு பாடியதே, அப்புறம் என்ன?

அன்று மதியம் மாமன் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். அம்மா மடவை மீன் குழம்பு வைத்திருந்தாள். சாப்பிட்டுவிட்டு, காய்ந்த மணலாக இருக்கிறதென்று கடல் பக்கத்துக் குழாய்க் கம்பத்தில் வலையின் ஒரு முனையைக் கட்டி, கிழிசலை முடிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். நூல் அறுக்கச் சின்னக் கத்தி கையில். கூப்பாடு தொடங்குவதற்கு முன்னாலேயே வலையைச் சுருட்டிக்கொண்டு ஏரிப் பக்கம் போய்விட்டார்.

நாங்கள் வாசலில் காத்திருந்தோம். குழாய் பேசவே இல்லை. இன்னும் சீட்டு எடுக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தோம். காட்டூரிலிருந்து கத்தரிக்காய் விற்க வந்த கிழவர் ஏரிப் பக்கத்துத் தெருவிலிருந்து திரும்பி வரும்போது நைனாவைப் பார்த்து, "இன்னாப்பா, உன் பேர தொண்ட கிழியக் கூப்டாங்க, நீ இங்க குந்தினு பீடி புடிக்கிறே?" என்றார்.

நைனா ஓடினார். நானும் ஓடினேன். தெருவே ஓடியது. கோயில் வாசலில் தலைவர் கையை விரித்தார். கடல் பக்கத்து மூன்று பேரின் முறை போய்விட்டிருந்தது. நைனாவின் முறை அடுத்த சீட்டுக்காரனுக்குப் போயிருந்தது. அடுத்த சீட்டு என் மாமனுடையது.

ஏரிக்கரையில் மாமன் கழிகளைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தார். இரண்டு தெருவும் அங்கே கூடிவிட்டது. திரும்ப எடு என்று எங்கள் ஆட்கள், எடுத்தது எடுத்ததுதான் என்று அவர்கள் ஆட்கள். தலைவர் என் தோளைப் பிடித்து முன்னால் இழுத்தார்.

"நீதான ஒயரு இழுத்தே? சொல்லு. ஊரு கேக்குது. ஒயரு சரியா கீதா இல்லியா?"

"சரியாத்தான் இருந்திச்சி. காலையில ரெண்டு குழாயும் பாடிச்சே, எல்லாரும் கேட்டீங்கதான?"

"அப்ப நடுவுல இன்னா ஆச்சி?"

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். முன்னூறு பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நைனாவும் பார்த்துக்கொண்டிருந்தார். "நடுவுல யாராவது கை வெச்சாத்தான் அப்படி ஆவும்" என்றேன்.

எங்கள் தெருக்காரன் ஒருவன் கத்தினான். "மதியம் கம்பத்தாண்ட கத்தியோட குந்தினு இருந்தவன் யாரு? தோ நிக்கிறான் பாரு!"

"டேய், வலை கிழிஞ்சிருந்திச்சி" என்றார் மாமன். "கத்தி இல்லாம பல்லாலயா நூலு அறுப்பாங்க?" பிறகு என்னைப் பார்த்தார். "இன்னா மருமவனே, நீயுமா சொல்றே?"

நான் நைனாவின் பக்கம் தள்ளி நின்றேன்.

"எங்கூட்டு சோத்தத் துன்னுட்டு எங்கூட்டு முறைய அறுத்தியா?" என்று நைனா கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் அவர் முழங்கை மாமனின் வாயில் இறங்கியது. மாமன் படகின் விளிம்பில் சாய்ந்து விழாமலிருக்க வலது கையை ஊன்றினார். நைனா படகிலிருந்த நங்கூரக் கல்லை இரண்டு கையாலும் தூக்கி அந்தக் கையின் மேல் போட்டார். நனைந்த விறகு முறியும் சத்தம். மாமன் கத்தவில்லை. கையைப் பார்த்தார். இன்னொரு தடவை கல் விழுந்தது. அப்போதுதான் கத்தினார்.

அதன் பிறகு எது முன்னால், எது பின்னால் என்று எனக்கு வரிசையாகத் தெரியாது. துடுப்பு, கழி, வலைக்குக் கட்டும் ஈயக் குண்டு, மீன் கூடை, கைக்கு வந்தது எல்லாம் ஆயுதம். முழங்கால் அளவு தண்ணீரில் ஒருவன் தலையை இன்னொருவன் அமுக்கிக்கொண்டிருந்தான். நேற்று வரை என்னோடு கேரம் ஆடியவன் என் சட்டைக் காலரைப் பிடித்துக் கன்னத்தைக் கடித்தான். நான் அவன் வயிற்றில் உதைத்தேன். உதைத்தது எனக்குப் பிடித்திருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும். இன்னொரு தடவை உதைக்கக் காலைத் தூக்கினேன். படகு தள்ளும் கழி ஒன்று பக்கவாட்டில் வந்து என் இடது காதில் விழுந்தது. யார் அடித்தது என்று இன்றுவரை தெரியாது. உள்ளே ஏதோ வெடித்தது. சூடாகக் கழுத்தில் வழிந்தது. எல்லாரும் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள், சத்தம் பாதிதான் வந்தது.

ஏரிப் பக்கத்து ஆட்கள் எங்கள் தெருவரை துரத்தி வந்து குழாய்க் கம்பத்தைச் சாய்த்தார்கள். ஒயர் பத்து இடத்தில் அறுந்தது. சோதித்துப் பார்க்க எதுவும் மிஞ்சவில்லை. போலீஸ் வேன் வந்தபோது இரு தெருவும் வாய் திறக்கவில்லை. எல்லாருக்கும் கால் வழுக்கி அடிபட்டிருந்தது.

காது நரம்பு போய்விட்டது என்று பொன்னேரி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மாமனுக்கு வலது கையில் மூன்று விரல் மடங்காது. அது முடிந்து பத்து நாளில் ஊர் கூடி, ஒயரை அறுத்தவன் அம்மன் முன்னால் ஒத்துக்கொண்டு காலில் விழும்வரை அவன் சீட்டு பானைக்குள் போகாது என்று முடிவு சொன்னது. சாட்சி என் வார்த்தை. படித்தவன் சொல்லிவிட்டான்.

"அறுக்காதத அறுத்தேன்னு சொல்லிட்டு அந்தப் பாடு எடத்துல எறால் புடிக்க சொல்றீங்களா?" என்று மாமன் கேட்டதாகப் பின்னால் அறிந்தேன். அவர் விழவில்லை. அந்த முறையும் போனது, அடுத்து வந்த மூன்று சீட்டிலும் அவர் பேர் பானைக்குள் போகவில்லை. மீஞ்சூரில் ஒரு ஐஸ் குடோனில் இடது கையால் பாளம் இழுத்தார். அம்மா தம்பியோடு பேசுவதை விட்டாள். நைனா இருக்கும்போது மடவை மீன் சமைப்பதையும் விட்டாள்.

நான் சத்தியமாக அவர்தான் அறுத்தார் என்று நம்பினேன். அந்தக் கோபத்தில் என் காதும் சேர்ந்திருந்தது.

கடையில் சேரும்போது காதைப் பற்றிச் சொல்லவில்லை. வலது காதைத் திருப்பி வைத்துக்கொண்டே ஆறு மாதம் ஓட்டினேன். ஒருநாள் ஒரு ஆள் படியேறி வந்தார். கையில் நான் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்த ஸ்டீரியோ ரெக்கார்டு. "ஒரு பக்கம் முழுக்க கிழியுது. எவன்டா இதக் கேட்டு எழுதினவன்?" நான்தான் என்றேன். ரெக்கார்டை அப்படியே என் முகத்தில் வீசினார். விளிம்பு புருவத்தைக் கிழித்தது. கடைக்கார அக்கா அவரைப் படியில் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, என் புருவத்தில் துணியை வைத்து அழுத்தினாள். அழுத்திக்கொண்டே என் இடது காதருகில் விரலைச் சொடுக்கினாள். நான் திரும்பவில்லை.

"ஏம்பா, இந்தக் காது வேலை செய்யுதா, இல்ல கண்ணாடி மாட்றதுக்கா?"

வேலை போயிற்று என்று நினைத்தேன். அவள் பெட்டிகளை இரண்டாகப் பிரித்து வைத்தாள். "மோனோ எல்லாம் இனிமே நீ கேளு. ஸ்டீரியோ நான் பாத்துக்கறேன்" என்றாள்.

அப்படித்தான் அந்தப் பழைய ஜாஸ் என்னிடம் வந்தது. கேட்டுக் கேட்டு சூட்சுமம் பிடிபட்டது. மோனோ ரெக்கார்டின் பள்ளத்தில் இசை பக்கவாட்டில் மட்டும்தான் எழுதியிருக்கும். ஊசி இடமும் வலமும் ஆடும். கீறலும் தூசியும் ஊசியை மேலும் கீழும் குதிக்க வைக்கும், சடசடப்பு அங்கிருந்துதான் வருகிறது. ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தானை அமுக்கினால் இரண்டு ஒயரில் வருவதும் ஒன்றாகிவிடும். மேலும் கீழுமாக வந்த சடசடப்பு ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பாதி செத்துவிடும். இசை சாகாது. சாம்பலை ஊதியதும் தணல் தெரிவது போல, டிரம்பெட் ஊதுகிறவர் மூச்சு இழுப்பது வரை தெரியும். அந்த மனிதர்கள் ஒருவரையொருவர் அடித்து நொறுக்குவது போலத்தான் வாசித்தார்கள். எனக்கு அது ஒத்து வந்தது.

ஒரு மழை நாள். டிரம்பெட் ரெக்கார்டு ஓடிக்கொண்டிருந்தது. பொத்தானை அமுக்க மறந்திருந்தேன். டீ தம்ளரோடு குறுக்கே போன அக்கா நின்றாள்.

"லெஃப்ட் செத்துக் கிடக்கு. தெரியல உனக்கு?"

எனக்கு எப்படித் தெரியும்? இடது ஸ்பீக்கரின் தாளில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். அசைவில்லை. ஊசிக்குப் பின்னால் முடி போல மெல்லிய ஒயர் ஒன்று கழன்றிருந்தது.

"அப்புறம் ஈயத்தால பத்த வெச்சுக்கலாம். இப்போதைக்கு மோனோவ அமுக்கு, ஒரு ஒயர்ல வந்தாலும் ரெண்டும் பேசும்" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

அமுக்கினேன். கைக்கடியில் தாள் உதைத்தது. டிரம்மின் ஒவ்வொரு அடியும் உள்ளங்கையில் விழுந்தது. பொத்தானை வெளியே விட்டேன். செத்தது. அமுக்கினேன். உதைத்தது. எத்தனை தடவை செய்தேன் என்று தெரியாது. போன் ஒயரில் இரண்டு பின். இரண்டு வாய்க்கும் பாட்டுப் போகும். மைக் ஒயரில் ஒரே பின். அதை நான் இடது ஓட்டையில் செருகியிருந்தேன். இடது வாய் ஏரிக் குழாய். பொத்தானை நானேதான் வெளியே இழுத்து வைத்தேன்.

ஒயரை யாரும் அறுக்கவில்லை. கடல் பக்கத்துக் குழாய்க்கு நான் குரலே அனுப்பவில்லை.

ஊசியைத் தூக்கிப் பிளேயரை நிறுத்தினேன். நனைந்த விறகு முறியும் அந்தச் சத்தம் வலது காதில் மட்டுமல்ல, இல்லாத இடது காதிலும் கேட்டது.

அந்த வாரம் ஊருக்குப் போய் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவள் மீன் செதில் சீவிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது. என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். "நைனாகிட்ட சொல்லாத" என்றாள். "வூட்ல சொன்னா வூட்டோட பூடும். சீட்டு அன்னிக்கு ஊர்ல சொல்லு." கத்தியைத் துடைத்துக்கொண்டே, "உன் வாயாலதான போச்சி?" என்றாள். திரும்பச் சீவ ஆரம்பித்தாள்.

அடுத்த சீட்டு நாளுக்கு முந்தின நாள் கடையிலிருந்து ஒரு பெட்டி பிளேயரையும் அந்த ரெக்கார்டையும் இரவல் கேட்டேன். விஷயத்தைச் சொன்னேன். அக்கா ரெக்கார்டைத் துணியில் சுற்றிக் கொடுத்து, "இது உடைஞ்சா இன்னொண்ணு கிடைக்காது. நீ உடைஞ்சா பரவால்லன்னு சொல்ல மாட்டேன், ரெண்டு பேரும் முழுசா வாங்க" என்றாள். வெறும் மைக்கில் பேசிக் காட்டினால் போதாதா என்று யோசித்தேன். போதாது. பெரியவர்கள் ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்கு நடந்து போய்க் கேட்க வேண்டும். அதுவரை நிற்காத சத்தம் வேண்டும். போன் என்னை ஒரு தடவை ஏமாற்றியது, அதை நம்பவில்லை.

காலையில், பானை எடுத்து வைப்பதற்கு முன்னால், கோயில் படியில் பெட்டியைத் திறந்தேன். அதே ஆம்ப்ளிஃபயர். நடுவில் மூன்று சீட்டுக்கும் ஆள் ஓடித்தான் பேர் கூப்பிட்டார்கள், கடல் பக்கத்துக் கம்பத்தை இந்தச் சீட்டுக்குத்தான் திரும்ப நட்டுப் புது ஒயர் இழுத்திருந்தார்கள். தலைவரிடம் கும்பிட்டுக் கேட்டு, சீட்டுக்கு முன்னால் ஒரு விஷயம் காட்ட வேண்டும், ஏரிப் பக்கத்தையும் வரச் சொல்லுங்கள் என்றேன். மாமனும் வந்தார், கூட்டத்துக்குப் பின்னால், வலது கையை லுங்கி மடிப்புக்குள் வைத்துக்கொண்டு. அவரைப் பார்த்ததும் நைனா காறித் துப்பினார்.

மைக் ஒயர் போலவே பிளேயரிலிருந்து ஒரே பின்னை இடது ஓட்டையில் செருகி ஊசியை இறக்கினேன். ஏரிப் பக்கத்துக் குழாயில் டிரம் வெடித்தது. கூம்புக் குழாய்க்குப் பாட்டு ஒத்து வராது, ஆனால் இந்தப் பழைய மோனோவுக்கு அது பிறந்த வீடு மாதிரி இருந்தது. டிரம்பெட் ஏரித் தண்ணீர் மேல் கிழித்துக்கொண்டு போக, நாரைகள் எழும்பின.

"இன்னாடா இது, ஆம்பள எருமைய அறுக்கற மாதிரி கீது!" என்றான் ஒருவன். சிரித்தார்கள்.

"பெரியவங்க ரெண்டு பேரு கடல் பக்கம் போய் கேட்டுட்டு வாங்க" என்றேன்.

போனார்கள். திரும்பி வந்தார்கள். "அந்தக் குழா பேசல. எவனோ திரும்ப அறுத்துட்டான்" என்றார் ஒருவர். கூட்டம் மாமன் பக்கம் திரும்பியது. ஒருவன் அவர் பின்கழுத்தைப் பிடித்துவிட்டான்.

நான் பொத்தானை அமுக்கினேன்.

முதுகுக்குப் பின்னால், கடல் பக்கத்திலிருந்து, டிரம்பெட் அலையைத் தாண்டி அலறியது. எனக்கு அது கூட்டத்தின் முகத்தில்தான் தெரிந்தது. எல்லாத் தலையும் ஒன்றாகத் திரும்பின. பொத்தானை விட்டேன், நின்றது. அமுக்கினேன், வந்தது.

"ஒயர யாரும் அறுக்கல" என்றேன். "அன்னிக்கு இந்தப் பொத்தான அமுக்காம உட்டது நானு. மாமன் மேல சொன்னது பொய்யி. தெரியாம சொன்னேன், ஆனா பொய்யி."

நைனா வருவதை நான் பார்த்தேன். நகரவில்லை. முஷ்டி வலது தாடையில் விழுந்தது. இரண்டாவது அடியும் அதே இடத்தில். வாயில் பல் ஒன்று தனியாக உருண்டது. "உன் பேச்சக் கேட்டு ஒருத்தன் கைய ஒடச்சேன்டா! ஒரு வாட்டி இல்ல, ரெண்டு வாட்டி கல்ல போட்டேன்டா!" என்று அவர் வாய் அசைந்தது. பாதிதான் கேட்டது, பிறகு எதுவுமே கேட்கவில்லை. மிச்சமிருந்த காதும் போய்விட்டது என்று நினைத்தேன். படியில் விழுந்து கிடந்தேன். அவர் உதைத்தார். விலாவில், இடுப்பில். எண்ணவில்லை. நியாயமான உதை.

முதலில் திரும்பி வந்தது டிரம்தான். தூரத்தில், பிறகு பக்கத்தில். அதன் பிறகு யாரோ நைனாவை இழுக்கும் கூச்சல்.

கண்ணைத் திறந்தபோது மாமன் என் தலைமாட்டில் நின்றிருந்தார். தூக்கிவிடுவார் என்று நினைத்தேன். அவர் குனியவில்லை. இடது கையால் இடுப்பிலிருந்து சின்னக் கத்தியை எடுத்தார். ஆம்ப்ளிஃபயரின் பின்னால் போகும் இரண்டு குழாய் ஒயரையும் மடங்காத விரல்களால் ஒன்றாகச் சேர்த்து, மணிக்கட்டால் படியோடு அழுத்திப் பிடித்து, ஒரே இழுப்பில் அறுத்தார்.

இரண்டு தெருவும் அமைதியானது.

"இன்னாடா டிப்ளமா" என்றார். "இப்ப ஒயரு சரியா கீதா? சொல்லு. ஊரு கேக்குது."

"அறுந்துடிச்சி மாமா."

"யாரு அறுத்தது?"

ரத்தத்தைத் துப்பினேன். "நீதான்."

"ஆங்." தலைவர் பக்கம் திரும்பினார். "ரெண்டு வருசமா அறுத்தவன்னீங்களே, இப்ப அறுத்துட்டேன். எழுதிக்கோங்க. காலுல உழ மாட்டேன். என் சீட்ட போடறதுன்னா போடுங்க. ஆனா எம்பேர மனுசன் வாயால கூப்புடுங்க."

நைனா கோயில் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். தலைவர் ஒரு தாளைக் கிழித்து, பேரை எழுதி, மடித்து, எல்லாரும் பார்க்கப் பானைக்குள் போட்டார். "போங்க, போங்க, சீட்டு எடுக்கணும்" என்றார். கூட்டம் கலைந்தது. மாமன் என்னைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அவரும் நைனாவும் இன்றுவரை பேசுவதில்லை. என்னிடம் அவர் பேசிய கடைசிப் பேச்சு அந்த "ஆங்"தான்.

நான் வலைக்காரன் இல்லை, என்னை யாரும் விரட்டவில்லை. படியிலேயே உட்கார்ந்திருந்தேன். பிளேயரில் ரெக்கார்டு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. ஒயர் இல்லாவிட்டாலும் ஊசி பள்ளத்தில் உரசும்போது ஒரு துளி சத்தம் வரும். வலது காதை அதன் மேல் சாய்த்தேன். கொசு அளவுக்கு டிரம்பெட் ஊதிக்கொண்டிருந்தது. ரெக்கார்டில் கீறல் விழவில்லை. துணியில் சுற்றி வைத்தேன்.

பேர் கூப்பிட இரண்டு ஆட்களைத் தெருவுக்கு ஒருவராக ஓடவிட்டார்கள். ஆறாவது சீட்டு மாமனுடையது. முதல் கூப்பாடு போனது. பதிலில்லை. இரண்டாவது போனது. தலைவர் கையில் அடுத்த சீட்டு தயாராக இருந்தது, ஆனால் அவர் அதைப் பிரிக்கவில்லை. ஓடுகிறவன் மூன்றாவது தடவைக்கு இழுத்து மூச்சு வாங்கி மாமனின் பேரைக் கத்தினான்.

"கீறேன்!"

எந்தத் தெருவிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. ஒற்றைக் காதுக்குத் திசை தெரியாது. குரல் முழுதாக வந்தது.